பிராசஸ் பட்டியல் எடுக்கும் ஸ்கிரிப்ட் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாக வழி

கணினியில் இந்த நிமிடம் என்னென்ன பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) இருக்கிறது என்று பார்க்க டாஸ்க் மேனேஜர் போதும். ஆனால் "நேற்று நன்றாகத்தான் இருந்தது, இன்றைக்கு இழுக்கிறது" என்று ஒருவர் வந்து நின்றால் அது உதவாது. நேற்றைய பட்டியலும் இன்றைய பட்டியலும் அருகருகே வேண்டும். அதற்குத்தான் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஒரு கோப்பு.

சின்ன அலுவலகங்கள், கடைகள் என்று சுற்றிக் கணினி பார்த்துக் கொடுப்பது என் வேலை. போகிற இடமெல்லாம் முதலில் ஓடவிடுவது இந்த ஸ்கிரிப்டைத்தான். உடம்பு நாலு வரிதான். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கூடவே வரும் பவர்ஷெல் 5.1 (கட்டளை தட்டி வேலை வாங்கும் கருவி) போதும், எதையும் புதிதாக நிறுவ வேண்டாம். கெட்-பிராசஸ் என்று கேட்க வேண்டும். வருவதைப் பைப் குறி (|) போட்டு சார்ட்-ஆப்ஜெக்டுக்கு அனுப்பி, நினைவக அளவுப்படி பெரியது மேலே வருமாறு அடுக்க வேண்டும். அப்புறம் செலக்ட்-ஆப்ஜெக்ட் கொண்டு பெயர், பிராசஸின் எண், நினைவகம், கோப்பின் பாதை என்ற நான்கை மட்டும் பொறுக்க வேண்டும். கடைசியில் எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி கொண்டு ஒரு சிஎஸ்வி கோப்பில் (எக்ஸெலில் திறக்கும் அட்டவணை) எழுத வேண்டும். அவ்வளவுதான்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், கணினியில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். வினைச்சொல், ஒரு சிறு கோடு, பெயர்ச்சொல் என்பதுதான் எல்லாக் கட்டளைக்கும் அமைப்பு. முதல் சில எழுத்துகளைத் தட்டிவிட்டு டேப் விசையை அழுத்தினால் மீதியைப் பவர்ஷெல்லே நிரப்பிவிடும். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்தால் டேப்தான் வாத்தியார்.

இனி அறிகுறிகள். உங்களுக்கு எது நடக்கிறதோ நேரே அங்கே போங்கள்.

ஸ்கிரிப்டை இரட்டைச் சொடுக்கு செய்தால் நோட்பேட் திறக்கிறது

இது பிழையே இல்லை. தெரியாத்தனமாக யாரும் ஸ்கிரிப்டை ஓடவிட்டுவிடக் கூடாது என்று மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறது. வலச் சொடுக்கில் 'பவர்ஷெல்லில் இயக்கு' என்று கொடுத்தால் ஓடும், ஆனால் முடிந்த கையோடு சாளரமும் மூடிக்கொள்ளும். பிழைச் செய்தி வந்திருந்தால் அதைப் படிக்கக்கூட நேரம் இருக்காது. எனவே பவர்ஷெல் சாளரத்தை முதலில் திறந்து, ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டருக்குப் போய், ஒரு புள்ளியும் பின்சாய்கோடும் போட்டு அதன் பிறகு கோப்பின் பெயரைத் தட்டுங்கள். அந்தப் புள்ளியும் கோடும் இல்லாவிட்டால் "அப்படி ஒரு கட்டளையே இல்லை" என்று சொல்லும்.

அதையும் செய்து ஓடவில்லையா? நோட்பேடில் சேமித்தபோது கோப்பின் வாலில் டெக்ஸ்ட் கோப்பின் நீட்சி ஒட்டிக்கொண்டிருக்கும். விண்டோஸ் இயல்பாக நீட்சிகளை மறைத்துவைப்பதால் கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பட்டியலில் கோப்பு நீட்சிகளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

சிவப்பு எழுத்தில் "இந்தக் கணினியில் ஸ்கிரிப்ட் இயக்குவது முடக்கப்பட்டுள்ளது" என்று வருகிறது

வீட்டு, அலுவலகக் கணினிகளுக்கான விண்டோஸில் ஸ்கிரிப்ட் கொள்கை 'ரெஸ்ட்ரிக்டட்' என்றுதான் பிறக்கிறது. அதாவது கட்டளையைக் கையால் தட்டலாம், கோப்பாக ஓட்டக் கூடாது. செட்-எக்ஸிகியூஷன்பாலிசி கட்டளையில் 'ரிமோட்சைன்ட்' என்று கொடுத்து, ஸ்கோப் என்ற இடத்தில் 'கரன்ட்யூசர்' என்று போடுங்கள். உங்கள் கணக்குக்கு மட்டும் மாறும், அட்மின் உரிமைகூடத் தேவையில்லை.

அதற்குப் பிறகும் ஒரு குறிப்பிட்ட ஸ்கிரிப்ட் மட்டும் மறுத்தால், அது மின்னஞ்சலிலோ இணையத்திலோ இறங்கி வந்ததாக இருக்கும். விண்டோஸ் அதன்மேல் 'வெளியிலிருந்து வந்தது' என்று ஒரு முத்திரை குத்தியிருக்கிறது. கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் கீழே 'அன்பிளாக்' பெட்டி இருக்கும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று முழுசாகப் படித்த பிறகு அதை டிக் செய்யுங்கள். வரிசை முக்கியம்: முதலில் படிப்பு, பிறகு டிக்.

கொள்கையை மாற்றியும் பழையபடியே நிற்கிறதென்றால் கெட்-எக்ஸிகியூஷன்பாலிசியை 'லிஸ்ட்' சேர்த்துக் கேளுங்கள். மேலே மெஷின்பாலிசி வரியில் ஏதாவது இருந்தால் அலுவலக நிர்வாகி போட்ட பூட்டு அது. அவரிடம்தான் கேட்க வேண்டும்.

பெட்டி பெட்டியாக வருகிறது, ஓகே அழுத்தி அழுத்திக் கை ஓய்ந்துவிட்டது

பழைய விபிஸ்கிரிப்ட் (பவர்ஷெல்லுக்கு முந்தைய விண்டோஸ் ஸ்கிரிப்ட் மொழி) கோப்பை யாரோ கொடுத்திருக்கிறார்கள், நீங்கள் இரட்டைச் சொடுக்கு செய்துவிட்டீர்கள். இந்தக் கூத்தை முதல் தடவை பார்த்தபோது எனக்கும் கணினிக்கு வைரஸ் வந்துவிட்டதோ என்று தோன்றியது.

நடப்பது இதுதான். விபிஸ்கிரிப்டை ஓட்ட விண்டோஸில் இரண்டு வண்டிகள் உண்டு: டபிள்யூஸ்கிரிப்ட், சிஸ்கிரிப்ட். 'எக்கோ' என்று ஒரு வரி இருந்தால் முதலாவது அதை ஒரு செய்திப் பெட்டியாகக் காட்டும், இரண்டாவது கருப்புச் சாளரத்தில் ஒரு வரியாக எழுதும். இரட்டைச் சொடுக்கு செய்தால் இயல்பாக முதலாவதுதான் வரும். நூற்றைம்பது பிராசஸ் ஓடினால் நூற்றைம்பது பெட்டி, நூற்றைம்பது ஓகே.

உடனடி நிவாரணம்: டாஸ்க் மேனேஜரில் டபிள்யூஸ்கிரிப்டைத் தேடி முடித்துவிடுங்கள். நிரந்தர வழி: கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, சிஸ்கிரிப்ட் என்று தட்டி அதன் பின் கோப்பின் பெயரைக் கொடுங்கள்.

ஆனால் இந்தப் பழைய வண்டியில் இனியும் ஓட வேண்டாம் என்பதே என் யோசனை. விபிஸ்கிரிப்ட் கைவிடப்படும் பட்டியலில் சேர்ந்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் அறிவித்துவிட்டது. அதன் பங்காளியான, கணினியின் விவரங்களைக் கேட்டு வாங்கும் டபிள்யூஎம்ஐசி கட்டளையும் விண்டோஸ் 10-இன் 21எச்1 பதிப்பிலேயே அதே பட்டியலுக்குப் போய்விட்டது. புதிய கணினியில் "டபிள்யூஎம்ஐசி என்ற கட்டளை இல்லை" என்று வந்தால் உங்கள் கணினி கெட்டுப்போகவில்லை, கட்டளைதான் ஊரைக் காலி செய்துவிட்டது. அந்த இரண்டும் செய்த வேலையை கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் கட்டளை செய்யும். வின்32_பிராசஸ் என்ற வகுப்பைக் கொடுத்தால் போதும். பிராசஸ் எந்தக் கட்டளை வரியோடு தொடங்கியது, அதைத் தொடங்கிவிட்ட தாய்ப் பிராசஸின் எண் என்ன என்பவையும் சேர்ந்து வரும். பவர்ஷெல் 5.1-இல் கெட்-பிராசஸ் இந்த இரண்டையும் தராது.

ஒரு எச்சரிக்கை. சில மென்பொருள்கள் கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே வைத்து ஓடும். பட்டியலை வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்புவதற்கு முன் அந்த நெடுவரிசையை ஒருமுறை கண்ணால் மேய்ந்துவிடுங்கள்.

தொடங்கிய நேரம் என்ற இடத்தில் நீளமான ஓர் எண், கடைசியில் +330

இது பழைய விபிஸ்கிரிப்டிலும் கெட்-டபிள்யூஎம்ஐஆப்ஜெக்ட் கட்டளையிலும் வரும். ஆண்டு நாலு இலக்கம், மாதம் இரண்டு, நாள் இரண்டு, மணி, நிமிடம், நொடி என்று ஒட்டிப் படியுங்கள். கடைசி 330 என்பது உலகப் பொது நேரத்திலிருந்து நாம் எவ்வளவு நிமிடம் முன்னால் இருக்கிறோம் என்ற கணக்கு. ஐந்தரை மணி நேரம், அதாவது 330 நிமிடம். இலங்கையிலும் இதே 330தான் வரும். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உட்கார்ந்து படிப்பவர்களுக்கு 480 என்று இருக்கும். கெட்-சிம்இன்ஸ்டன்ஸுக்கு மாறினால் ஒழுங்கான தேதியாகவே கிடைக்கும்.

பாதை நெடுவரிசையில் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது

என்னிடம் அதிகம் வரும் புகார் இதுதான். காரணம் மூன்று, அதே வரிசையில் சோதியுங்கள்.

முதலாவது, நீங்கள் அட்மினாக ஓட்டவில்லை. விண்டோஸில் உங்கள் கணக்குக்குரிய பிராசஸின் பாதையைக் கேட்டால் கொடுக்கும். சிஸ்டம் கணக்கில் ஓடும் சர்வீஸ்களை (பின்னணியில் ஓடும் நிரல்கள்) பற்றிக் கேட்டால் மெளனம்தான். செலக்ட்-ஆப்ஜெக்ட் அந்த மெளனத்தைப் பிழையாகக் காட்டாமல் வெற்றிடமாக எழுதிவைக்கும். பவர்ஷெல்லை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறந்து மறுபடி ஓட்டுங்கள். யார் கணக்கில் ஓடுகிறது என்று காட்டும் 'இன்க்ளூட்யூசர்நேம்' சேர்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் வேறு முகத்தோடு வரும். அட்மின் இல்லாவிட்டால் அது மெளனமாக இருக்காது, நேரடியாகவே பிழை சொல்லி நிற்கும்.

இரண்டாவது, நீங்கள் 32-பிட் பவர்ஷெல்லில் இருக்கிறீர்கள். அங்கிருந்து 64-பிட் பிராசஸின் பாதையை எட்டிப் பார்க்க முடியாது. சாளரத்தின் தலைப்பில் எக்ஸ்86 என்று இருந்தால் அதுதான் விஷயம். பழைய கணக்கு மென்பொருள் ஒன்று உங்கள் ஸ்கிரிப்டைக் கூப்பிடுகிறது என்றால் தலைப்பு கூடத் தெரியாது. 32-பிட் மென்பொருள் 'சிஸ்டம்32' ஃபோல்டரிலிருந்து பவர்ஷெல்லைக் கேட்டால், விண்டோஸ் சத்தமில்லாமல் அதை 'சிஸ்வாவ்64' ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள்: 64-பிட் கணினியில் 32 என்று பெயர் வைத்த ஃபோல்டரில் 64-பிட் கோப்புகளும், 64 என்று பெயர் வைத்ததில் 32-பிட் கோப்புகளும் இருக்கின்றன. பழைய மென்பொருள்கள் முறியக் கூடாதே என்று செய்த ஏற்பாடு. அன்று பெயர் வைத்தவர் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

மூன்றாவது, சில பிராசஸ்களுக்குப் பாதையே கிடையாது. எண் 0-இல் இருக்கும் ஐடில், எண் 4-இல் இருக்கும் சிஸ்டம், ரெஜிஸ்ட்ரி, மெமரி கம்ப்ரஷன் இவையெல்லாம் வட்டில் ஒரு எக்ஸி கோப்பாக உட்கார்ந்திருப்பவை அல்ல. விண்டோஸின் உள்மையமான கெர்னலின் சொந்தக் குடும்பம். அட்மினாக ஓட்டிய பிறகும் இவை காலியாக இருந்தால் அப்படித்தான் இருக்க வேண்டும். சில ஆன்டிவைரஸ் பிராசஸ்களும் பாதுகாப்புக் கவசத்தோடு ஓடுவதால் அட்மினுக்கும் கதவைத் திறக்காமல் இருக்கலாம்.

சிபியு நெடுவரிசையில் 4,000 என்று வருகிறது

சிபியுவையும் பட்டியலில் சேர்த்தவர்கள், சதவீதம் நூறைத் தாண்டாதே என்று கேட்பீர்கள். இது சதவீதமே இல்லை. அந்தப் பிராசஸ் தொடங்கியதிலிருந்து இதுவரை செலவழித்த மொத்தச் செயலி நேரம், நொடியில். திரையில் பார்க்கும்போது தலைப்பில் அடைப்புக்குறிக்குள் ஒரு 'எஸ்' இருக்கும், அது நொடி என்பதைச் சொல்கிறது. சிஎஸ்வி கோப்பில் அந்த எஸ் விழுந்துவிடும். எக்ஸெலில் திறந்தவர்கள் அலறுவது அதனால்தான். மூன்று நாளாக அணைக்காமல் திறந்தே கிடக்கும் பிரவுசருக்கு 4,000 நொடி என்பது ஒன்றுமே இல்லை.

இப்போது யார் செயலியைத் தின்கிறார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் பட்டியலை இரண்டு முறை எடுக்க வேண்டும். ஒருமுறை எடுத்து, ஐந்து நொடி காத்திருந்து, மறுபடி எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஐந்தால் வகுத்து, கணினியின் லாஜிக்கல் பிராசசர் (விண்டோஸ் தனிச் செயலியாக எண்ணுவது) எண்ணிக்கையாலும் வகுத்து, நூறால் பெருக்குங்கள். எட்டு பிராசசர் உள்ள கணினியில் ஐந்து நொடியில் ஒரு பிராசஸின் கணக்கு 10 நொடி கூடியிருந்தால், பத்தை ஐந்தால் வகுக்க இரண்டு, எட்டால் வகுக்க கால், அதாவது 25 சதவீதம். ஐந்து நொடியில் எப்படிப் பத்து நொடி வேலை நடக்கும் என்று கேட்காதீர்கள். இரண்டு பிராசசர் ஒரே நேரத்தில் உழைத்திருக்கின்றன.

இரண்டு பட்டியலையும் பெயரை வைத்துப் பொருத்தாதீர்கள். எண்ணை வைத்துப் பொருத்துங்கள், கூடவே தொடங்கிய நேரமும் ஒன்றுதானா என்று பாருங்கள். செத்துப்போன பிராசஸின் எண்ணை விண்டோஸ் அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். தாய்ப் பிராசஸைத் தேடும்போதும் இதே பள்ளம் உண்டு: தாய் முடிந்துபோய் அந்த எண்ணில் சம்பந்தமில்லாத ஒருவர் குடியிருக்கலாம். தாய் என்று காட்டப்படுவது பிள்ளைக்குப் பிறகு தொடங்கியிருந்தால் அது தாய் இல்லை.

ஐடில் பற்றி ஒரு வார்த்தை. வேறு கருவிகளில் ஐடில் 97 சதவீதம் என்று பார்த்து அதை நிறுத்த முயன்ற ஒருவரை எனக்குத் தெரியும். ஐடில் என்பது செயலி சும்மா இருக்கும் நேரம். அது எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது.

நினைவகக் கணக்கு டாஸ்க் மேனேஜரோடு ஒத்துப்போகவில்லை

ஒத்துப்போகாது. ஸ்கிரிப்ட் எடுப்பது 'வொர்க்கிங் செட்': அந்தப் பிராசஸ் தனக்கென்று வைத்திருப்பது, மற்றவர்களோடு பங்கிட்டுக்கொள்வது எல்லாம் சேர்ந்தது. டாஸ்க் மேனேஜர் காட்டுவது தனக்கென்று வைத்திருப்பதை மட்டும். கூட்டுக் குடும்பத்தில் ஒவ்வொருவரும் "எங்கள் வீட்டில் கிணறு இருக்கிறது" என்று சொன்னால் கிணறுகளைக் கூட்டக் கூடாது இல்லையா? அதேபோல வொர்க்கிங் செட்டையெல்லாம் கூட்டினால் கணினியில் இருக்கும் ரேமைவிட அதிகமாகக்கூட வரும். ஒரே கருவியின் நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் மட்டும் ஒப்பிடுங்கள்.

அளவு பைட்டில் வரும். மெகாபைட் வேண்டுமானால் 1எம்பி என்று ஒட்டி எழுதி வகுக்கலாம், பவர்ஷெல்லுக்கு அது 10,48,576 என்று தெரியும். ஆனால் வகுத்து, காற்புள்ளி போட்டு அழகுபடுத்துவதைக் கடைசியில் வையுங்கள். அழகுபடுத்திய கணமே எண் எழுத்தாகிவிடும். எழுத்தை அடுக்கினால் 9 என்பது 80-க்கு மேலே போய் உட்காரும். "பெரியது மேலே வரவில்லை" என்ற புகாரில் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எஸ்விசிஹோஸ்ட் ஐம்பது தடவை வருகிறது, வைரஸா?

பெரும்பாலும் இல்லை. எஸ்விசிஹோஸ்ட் என்பது விண்டோஸ் சர்வீஸ்களை ஏற்றிச் செல்லும் பேருந்து மாதிரி. முன்பெல்லாம் ஒரு பேருந்தில் பல சர்வீஸ்கள் நெருக்கிக்கொண்டு போகும். விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து, ரேம் 3.5 ஜிபிக்கு மேல் உள்ள கணினிகளில் பெரும்பாலான சர்வீஸ்களுக்குத் தனித்தனி வண்டி கொடுத்துவிட்டார்கள். ஒன்று விழுந்தால் மற்றவை விழாது, எது ரேம் தின்கிறது என்றும் தெரியும். டாஸ்க்லிஸ்ட் கட்டளையில் சாய்கோடு போட்டு எஸ்விசி என்று சேர்த்தால் எந்த வண்டியில் யார் இருக்கிறார்கள் என்று காட்டும்.

சந்தேகம் தீர இரண்டைப் பாருங்கள். பாதை விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டராக இருக்க வேண்டும் (32-பிட் சர்வீஸ் என்றால் சிஸ்வாவ்64-ம் சரிதான்). தாய்ப் பிராசஸ் பொதுவாக 'சர்வீசஸ்' என்பதாக இருக்கும். பயனரின் டெம்ப் ஃபோல்டரிலோ ஆப்டேட்டாவிலோ இருந்து எஸ்விசிஹோஸ்ட் ஓடினால், அல்லது பெயரில் ஓரெழுத்து இடம் மாறியிருந்தால், அப்போது பதறலாம்.

எக்ஸெலில் திறந்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறி, இல்லை கோணல்மாணல் எழுத்து

பிராசஸ் பட்டியலில் தமிழ் எங்கிருந்து வந்தது? சாளரத் தலைப்பைச் சேர்த்தால் திறந்திருக்கும் ஆவணத்தின் பெயர் வரும். கட்டளை வரியைச் சேர்த்தால் ஃபோல்டர் பெயர் வரும். 'கல்யாணப் பத்திரிகை' என்று யாராவது கோப்புக்குப் பெயர் வைத்திருந்தால் போதும்.

இதில் இரண்டு வேறு நோய்கள் ஒரே மாதிரித் தெரியும். கேள்விக்குறிகள் மட்டும் வரிசையாக நின்றால், பவர்ஷெல் 5.1-இன் எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி தன் இயல்பான ஆஸ்கி குறியாக்கத்தில் (எழுத்துகளை எண்களாக்கிச் சேமிக்கும் ஒரு முறை) எழுதியிருக்கிறது. ஆஸ்கியில் இருப்பது 128 இடம், அதில் தமிழுக்கு ஒன்றுகூட இல்லை. இடமில்லாத ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டது. உள்ளே இருந்த தமிழ் போனது போனதுதான். எந்த மாற்றியாலும் மீட்க முடியாது. என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎஃப்8 என்று கொடுத்து மறுபடி ஓட்டுவது ஒன்றே வழி.

கேள்விக்குறிக்குப் பதிலாகத் தலையில் கொம்பு முளைத்த ரோமன் எழுத்துகளும் விசித்திரக் குறிகளும் வந்தால் நிம்மதியாக இருங்கள், தமிழ் பத்திரமாக இருக்கிறது. யுடிஎஃப்8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். எக்ஸெல் அந்த மூன்றையும் மூன்று தனி எழுத்தாகப் படித்துவிட்டது. உற்றுப் பார்த்தால் மூன்றுக்கு ஒருமுறை அதே கொம்பு எழுத்து திரும்பத் திரும்ப வரும், ஏனென்றால் தமிழ்க் குறியீடுகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே. பவர்ஷெல் 7 வைத்திருப்பவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். அது யுடிஎஃப்8-இல் எழுதும், ஆனால் கோப்பின் தலையில் 'பாம்' என்ற அடையாளத்தை வைக்காது. அந்த அடையாளம் இல்லாமல் எக்ஸெலுக்கு அடையாளம் தெரியாது. என்கோடிங் இடத்தில் யுடிஎஃப்8பாம் என்று கொடுங்கள். ஏற்கெனவே எழுதிய கோப்பென்றால் இரட்டைச் சொடுக்கு செய்யாமல் எக்ஸெலின் டேட்டா பட்டியலில் 'டெக்ஸ்டிலிருந்து' என்று இறக்கி, 65001 என்ற குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கோப்பில் சரியாக இருந்து, கருப்புச் சாளரத்தில் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது எழுத்துருச் சிக்கல். செட்-கிளிப்போர்டுக்கு அனுப்பி நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே தமிழ் வந்தால் சாளரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

கோப்பில் பிராசஸ் பெயரே இல்லை, ஏதோ நீளமான குறியீட்டு எண்கள்தான் இருக்கின்றன

எக்ஸ்போர்ட்-சிஎஸ்விக்கு முன்னால் ஃபார்மட்-டேபிள் போட்டிருக்கிறீர்கள். ஃபார்மட் என்று தொடங்கும் கட்டளைகள் திரைக்கு ஒப்பனை போடுபவை. அவை அனுப்புவது தகவலை அல்ல, ஒப்பனைக் குறிப்புகளை. அதை எடுத்துவிட்டு செலக்ட்-ஆப்ஜெக்ட் போடுங்கள். பாதைகள் பாதியில் முறிந்து மூன்று புள்ளியோடு நின்றாலும் குற்றவாளி அதே ஃபார்மட்-டேபிள்தான். முதல் வரியில் மட்டும் 'டைப்' என்று ஏதோ வந்தால் நோடைப்இன்ஃபர்மேஷன் என்பதைச் சேர்த்தால் போய்விடும்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, டாஸ்க் ஷெட்யூலரில் வைத்தால் கோப்பு வரவில்லை

வந்திருக்கும், வேறு எங்காவது. ஸ்கிரிப்டில் வெறும் கோப்புப் பெயர் மட்டும் எழுதியிருந்தால் ஷெட்யூலர் தான் நிற்கும் இடத்தில் எழுதப் பார்க்கும். அது பெரும்பாலும் சிஸ்டம்32. உரிமை இல்லாவிட்டால் எழுதாமலே போய்விடும். ஸ்கிரிப்டின் பாதை, வெளியீட்டுக் கோப்பின் பாதை இரண்டையும் டிரைவ் எழுத்திலிருந்து முழுதாகக் கொடுங்கள். 'ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' பெட்டியையும் டிக் செய்யுங்கள், இல்லாவிட்டால் மேலே சொன்ன காலிப் பாதைகள் திரும்ப வரும். பயனர் உள்நுழையாவிட்டாலும் ஓடு என்று வைத்தால் சாளரத் தலைப்புகள் காலியாக வரும். அந்த நிலையில் ஸ்கிரிப்ட் ஓடுவது வேறு அமர்வில், அங்கிருந்து உங்கள் மேசைத்திரை தெரியாது.

லினக்ஸில்: இரண்டே வரி வருகிறது, அல்லது இல்லாத பிராசஸ் இருப்பதாகச் சொல்கிறது

லினக்ஸில் பட்டியல் எடுக்கும் கட்டளை பிஎஸ். அதை மட்டும் தட்டினால் அந்த டெர்மினலில் ஓடுவதை மட்டும் காட்டும்: ஷெல் ஒன்று, பிஎஸ் ஒன்று. எல்லாம் வேண்டுமென்றால் ஏ, யு, எக்ஸ் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். அதை கிரெப் என்ற தேடும் கட்டளையில் வடிகட்டினால் தேடும் கிரெப்பே தன்னைக் கண்டுபிடித்துக் காட்டும், "ஓடிக்கொண்டிருக்கிறது" என்று ஸ்கிரிப்ட் பொய் சொல்லும். தேடும் சொல்லின் முதல் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போடுவது பழைய தந்திரம். அதைவிட பிகிரெப் நல்லது, தன்னைத் தானே அது காட்டாது. ஆனால் பிராசஸ் பெயரை லினக்ஸ் 15 எழுத்தோடு வெட்டிவிடும் என்பதால் நீளமான பெயரைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. எஃப் தேர்வைச் சேர்த்தால் முழுக் கட்டளை வரியிலும் தேடும். நிலை நெடுவரிசையில் 'இசட்' என்று இருப்பதைக் கொல்ல முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள், அது ஏற்கெனவே செத்தது. அதன் தாய் வந்து கணக்கு முடிக்கக் காத்துக் கிடக்கிறது.

கண்ணால் பார்க்கிறேன், பட்டியலில் மட்டும் இல்லை

ஒரு ஜவுளிக்கடையின் பில்லிங் கணினி. மணிக்கு ஒருமுறை கருப்புச் சாளரம் ஒன்று மின்னிவிட்டு மறைகிறது. பில் போடும்போது மின்னினால் தட்டிக்கொண்டிருக்கும் எழுத்து அதில் போய் விழுந்துவிடும். நொடிக்கு ஒருமுறை பட்டியல் எடுக்குமாறு ஸ்கிரிப்டை மாற்றி அரை நாள் ஓடவிட்டேன். ஒன்றும் சிக்கவில்லை.

சிக்காது. பட்டியல் என்பது ஒரு புகைப்படம். இரண்டு படத்துக்கு நடுவில் பிறந்து செத்தது எந்தப் படத்திலும் இருக்காது. நொடியை அரை நொடியாக்கினால் ஸ்கிரிப்டே செயலியைத் தின்னத் தொடங்கும். இந்த இடத்தில் பட்டியலை விட்டுவிட்டுப் பதிவேட்டுக்குப் போக வேண்டும். விண்டோஸின் பாதுகாப்புப் பதிவில் ஒவ்வொரு பிராசஸ் பிறப்பையும் 4688 என்ற நிகழ்வெண்ணில் எழுதிவைக்கச் சொல்லலாம், இறப்புக்கு 4689. இயல்பாக இது அணைந்திருக்கும். அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் ஆடிட்பால் கட்டளை கொண்டு 'பிராசஸ் கிரியேஷன்' உட்பிரிவை இயக்குங்கள். கட்டளை வரியும் பதிவாக வேண்டுமென்றால் குழுக் கொள்கையில் (குரூப் பாலிசி) அதற்குத் தனியாக ஓர் அமைப்பு உண்டு, அதையும் இயக்க வேண்டும்.

இயக்கிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து சாளரம் மின்னிய நேரத்தைப் பார்த்து 4688-களைத் தேடினால், கமாண்ட் பிராம்ப்ட் ஒன்று பிறந்திருக்கிறது, பெற்றது எஸ்விசிஹோஸ்ட். அந்த எஸ்விசிஹோஸ்டில் இருந்தது டாஸ்க் ஷெட்யூலர் சர்வீஸ். ஷெட்யூலரைத் திறந்தால், எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவர் வைத்துவிட்டுப் போன பேக்கப். இப்போது இல்லாத ஒரு டிரைவுக்குக் கோப்புகளை நகலெடுக்க மணிக்கொரு முறை முயன்று, டிரைவைக் காணாமல் உடனே மூடிக்கொண்டிருந்தது. அதை முடக்கியதும் மின்னல் நின்றது. அந்தக் கடையில் அதுவரை பேக்கப்பே நடக்கவில்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று சாயங்காலமே புதிய வட்டு ஒன்று வாங்கி மாட்டினோம்.

வேலை முடிந்ததும் அதே ஆடிட்பால் கொண்டு பதிவை அணைத்துவிடுங்கள். பாதுகாப்புப் பதிவுக்கு அளவு வரம்பு உண்டு. பிராசஸ் பிறப்புகளாக வந்து குவிந்தால் யார் எப்போது உள்நுழைந்தார்கள் என்ற பழைய வரிகள் அழிந்துபோகும்.